தண்ணீரை எண்ணிச் செலவிடுவோம்



வரவுக்கு மீறிச் செலவு செய்பவர் ஒருவரைக் கண்டால், 'பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறார்' என்று சொல்வது நம் வழக்கம். ஆறும் ஏரியும் கிணறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஊர்களில், தண்ணீருக்கு விலை ஏது என்று மக்கள் எண்ணிய காலத்தில் பிறந்த பேச்சு அது. சிங்கப்பூரில் வாழும் நமக்கு அந்தப் பேச்சு பொருந்துமா? இங்கே பெரிய ஆறு இல்லை. நம்பி இறைக்கத்தக்க நிலத்தடி நீர் இல்லை. மழை தாராளமாகப் பெய்கிறது. ஆனால் பெய்த மழையைத் தேக்கி வைக்கப் பரந்த நிலம் இல்லை. எனவே இந்த ஊரில் தண்ணீரைத்தான் பணத்தைப் போல எண்ணிச் செலவிட வேண்டும்.

வீட்டில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எளிய வழிகளே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது நேயர்களுக்குப் புதிய செய்தியன்று. 'வாட்டர் இஸ் பிரிஷியஸ்', அதாவது தண்ணீர் அருமையானது, என்ற முழக்கத்தோடு நாடு தழுவிய இயக்கம் நடந்தது 1971ஆம் ஆண்டில். அன்று முதல் 'குழாயை மூடுங்கள், தண்ணீரை வீணாக்காதீர்கள்' என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது, எதை மாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை நம்மில் எத்தனை பேர் போட்டுப் பார்த்திருக்கிறோம்? கணக்குத் தெரியாத சிக்கனம் நீடிக்காது. ஆகவே இன்று கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன், நம் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நமக்கு நீர் தரும் வழிகள் நான்கு. முதலாவது, நம் தீவில் பெய்யும் மழை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதியாக விளங்குகிறது. அங்கு விழும் மழை, 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டால் உருவான நீர்த்தேக்கம் உள்ளிட்ட 17 நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. இரண்டாவது, ஜொகூர் ஆற்றிலிருந்து வரும் நீர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் பெறலாம்; அந்த ஒப்பந்தம் 2061இல் முடிவடைகிறது. மூன்றாவது, பயன்படுத்திய நீரை மீண்டும் தூய்மையாக்கிப் பெறும் புதுநீர். இது 2003இல் அறிமுகமாயிற்று. நான்காவது, உப்பு நீக்கிய கடல்நீர். இதற்கான முதல் ஆலை 2005இல் துவாசில் தொடங்கியது; இன்று ஐந்து ஆலைகள் இருக்கின்றன.

நான்கு வழிகள் இருக்கும்போது ஏன் கவலை என்று சிலர் கேட்கலாம். வழிகள் குறைவாக இருந்த காலத்தின் நினைவு நமக்குத் தேவை. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, அதன்மீது வந்த நீர்க்குழாயும் அறுந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் குண்டுவீச்சால் நகரின் குழாய்களும் உடைந்து நீர் வீணாகியது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். பிறகு 1963இல் கடும் வறட்சி வந்தது. தண்ணீர்ப் பங்கீடு 1964ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை நீடித்தது. பொதுக்குழாயடியில் வாளிகளும் தகர டின்களும் வரிசையில் நின்ற அந்த நாட்களை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

இதற்கு நேர்மாறான ஓர் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரி, 1869ஆம் ஆண்டுக்குப் பின் இங்கு கண்ட மிக வறண்ட மாதம். புல்வெளிகள் காய்ந்து பழுப்பாயின. ஆயினும் நம் வீட்டுக் குழாய்கள் ஒரு நாள்கூட வற்றவில்லை. புதுநீரும் கடல்நீரும் கைகொடுத்தன. இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இதனுள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குழாய் வற்றினால்தான் தண்ணீரின் அருமை தெரியும் என்பார்கள். வற்றாத குழாயின் அருகில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த அருமையை யார் சொல்லித் தருவது? வறட்சி சொல்லித் தராது. வீடுதான் சொல்லித் தர வேண்டும்.

வற்றாத குழாய் இலவசக் குழாயும் அன்று. ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஏறத்தாழ 3.5 அலகு மின்சாரம் செலவாகிறது. மழைநீரைத் தூய்மையாக்க ஆகும் மின்சாரத்தைப் போல இது பல மடங்கு. நாம் ஒரு வாளி நீரை மிச்சப்படுத்தும்போது, அதை உருவாக்கும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம், நேயர்களே. 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் பயன்படுத்திய நீர் நாளொன்றுக்கு 165 லிட்டர். மெல்ல மெல்ல அது குறைந்து வந்தது. கிருமித்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் 2020இல் 154 லிட்டராகவும், 2021இல் 158 லிட்டராகவும் ஏறியது. 2023இல் 141 லிட்டருக்கு இறங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் இதை 130 லிட்டராக்க வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு.

உங்கள் வீடு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? அதைக் கண்டுபிடிப்பது எளிது. இந்த மாதத்துக் கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அதை 1,000ஆல் பெருக்குங்கள். வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு 30 நாளால் வகுங்கள். எடுத்துக்காட்டாக, நால்வர் உள்ள வீட்டில் 17 கன மீட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 142 லிட்டர். அந்த வீடு 130ஐ எட்ட வேண்டுமானால், சீட்டில் 15.6 கன மீட்டருக்கு மேல் வரக்கூடாது.

141க்கும் 130க்கும் இடையே உள்ள வேறுபாடு 11 லிட்டர்தான். இது எவ்வளவு பெரிய தியாகம்? சாதாரண ஷவர் ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீரை விடுகிறது. அப்படியானால் 11 லிட்டர் என்பது ஷவரில் ஒன்றேகால் நிமிடம். ஒவ்வொருவரும் நாளைக்கு ஒன்றேகால் நிமிடம் முன்னதாக ஷவரை மூடினால் நாட்டின் இலக்கு நிறைவேறிவிடும். இந்த 11 லிட்டரை 6 மில்லியன் பேர் மிச்சப்படுத்தினால் நாளொன்றுக்கு 66 மில்லியன் லிட்டர் சேரும். ஒலிம்பிக் அளவுள்ள நீச்சல் குளங்களில் 26ஐ நிரப்பக்கூடிய நீர் அது.

ஆகவே முதலில் குளியலறைக்குள் நுழைவோம். வீட்டில் அதிகமான நீர் செலவாவது குளியலில்தான். வெப்பமான ஊர் இது. காலையும் மாலையும் குளிப்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஷவரின் கீழ் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 360 லிட்டர் கூடுதல். மாதத்திற்கு 10,800 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, முதல் 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு வரிகளும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்த்து, பொருள் சேவை வரி நீங்கலாக, 3 வெள்ளி 24 காசு. ஐந்து நிமிடச் சோம்பலுக்கு மாதம் 35 வெள்ளி!

உங்கள் ஷவர் எவ்வளவு விடுகிறது என்பதை நீங்களே அளக்கலாம். ஷவரை வழக்கம்போல் திறந்து, சரியாகப் பத்து விநாடி ஒரு வாளியில் பிடியுங்கள். அந்த நீரை ஒன்றரை லிட்டர் காலி பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டில் ஒருமுறை நிறைந்தால் நிமிடத்திற்கு 9 லிட்டர். இருமுறை நிறைந்தால் 18 லிட்டர். அவ்வளவு வேகம் தேவையில்லை. குழாயைப் பாதியளவு திறந்தாலே போதும். சோப்புப் போடும்போது ஷவரை மூடுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் சீயக்காய் தேய்க்கும் நேரமெல்லாம் நீர் ஓடத் தேவையில்லை. நம் பெரியவர்கள் வாளியும் செம்புமாகக் குளித்தார்கள். 15 லிட்டர் வாளி இரண்டு இருந்தால் ஒருவர் நன்றாகவே குளித்துவிடலாம். இவ்வளவுதான் என்று கண்ணுக்குத் தெரிவதே வாளியின் சிறப்பு. வெந்நீர் வருவதற்குமுன் ஷவரில் ஓடும் குளிர்ந்த நீரையும் ஒரு வாளியில் பிடித்துவைத்தால் தரை துடைக்க உதவும்.

பல் துலக்கும்போது ஒரு குவளை நீர் போதும். குழாய் நிமிடத்திற்கு 6 லிட்டர் விடுவதாகக் கொண்டால், இரண்டு நிமிடம் திறந்துவைத்துத் துலக்குபவர் 12 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். சற்றுமுன் நாம் கணக்கிட்ட 11 லிட்டர் இங்கேயே கிடைத்துவிட்டது அல்லவா?

அடுத்தது கழிவறை. 2009 முதல் புதிய வீடுகளில் இரண்டு விசைகள் கொண்ட நீர்த்தொட்டிகளே பொருத்தப்படுகின்றன. முழு விசை 4.5 லிட்டருக்கு மிகாது; பாதி விசை 3 லிட்டருக்கு மிகாது. பழைய வகைத் தொட்டிகள் ஒருமுறைக்கு 9 லிட்டரும் எடுக்கும். இரண்டு விசைகள் இருந்தும், பெரிய விசையையே அழுத்துவது பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நால்வர் வீட்டில் நாளைக்கு 20 முறை விசை அழுத்தப்பட்டு, அவற்றுள் 16 முறை பாதி விசையாக மாறினால் 24 லிட்டர் மிஞ்சும். துடைத்த தாளையும் முடியையும் கழிவறையில் போட்டு நீரூற்றுவதைவிடக் குப்பைக் கூடையில் போடுவதே முறை.

இனித் தாய்மார்களின் ஆட்சிக்குரிய சமையலறை. இங்கே தந்தையரும் பிள்ளைகளும் உதவுகிறார்கள் என்றே நம்புவோம்! பாத்திரம் துலக்க ஒரு வரிசை உண்டு. கறிக்குழம்பு ஒட்டிய சட்டியை முதலில் பழைய தாளால் துடைத்துவிடுங்கள். பிறகு இரண்டு பேசின்களை வையுங்கள். ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் அலசும் நீர். கண்ணாடிக் குவளைகளை முதலிலும், தட்டுகளை அடுத்தும், எண்ணெய்ச் சட்டிகளைக் கடைசியிலும் கழுவினால் ஒரே நீர் பலவற்றுக்குப் பயன்படும். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுவதே அதிக நீரைத் தின்னும் முறை.

கீரையையும் காய்களையும் மீனையும் பாத்திரத்தில் நீர் பிடித்து அலசுங்கள். உறைந்த இறைச்சியை இளக்க ஓடும் குழாயின் கீழ் வைக்கிறோம். முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எடுத்துவைத்தால் ஒரு சொட்டு நீரும் வேண்டாம். மாவரைத்த கிரைண்டரைச் சிறிதளவு நீர்விட்டு ஒருமுறை ஓட்டி, அந்த நீரையும் மாவில் சேர்ப்பது நம் பாட்டிமார் கற்ற வித்தை. அரிசி கழுவிய நீரை அவர்கள் கொட்டியதில்லை. செட்டிநாட்டு மண்டி அந்தக் கழுநீரில்தான் கொதிக்கிறது. மண்டி வைக்காத நாளில் அதைப் பூந்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம்.

துணி துவைக்கும் இயந்திரத்தை நிறையத் துணி சேர்ந்தபின் ஓட்டுங்கள். கடைசி அலசலின் நீரை வாளியில் பிடிக்க முடிந்தால், அது கழிவறைக்கும் தரைக்கும் ஆகும். புதிய இயந்திரமோ குழாயோ வாங்கும்போது, அதன்மேல் ஒட்டியிருக்கும் நீர்ச்சிக்கனச் சீட்டில் எத்தனை சரிக்குறிகள் உள்ளன என்று பாருங்கள். குறிகள் கூடக்கூட நீர்ச்செலவு குறையும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைக் கழுவித் துடைப்பது நமக்கு மகிழ்ச்சி. வீட்டு வாசலையும் பொதுத் தாழ்வாரத்தையும் குழாய் வைத்துப் பீய்ச்சுவதற்குப் பதில், ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கும் போகும், பக்கத்து வீட்டாரின் காலணிகளும் நனையா. பூசை விளக்குகளைப் புளி தேய்த்து ஊறவிட்டு, பிறகு ஒரே பேசினில் எல்லாவற்றையும் அலசலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, நேயர்களே. நீரைச் சேமித்து வைக்கும்போது டெங்கிக் கொசுவை மறந்துவிடக் கூடாது. ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே பிடித்துவைத்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். பூந்தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். தண்ணீரைச் சேமிக்கப் போய் நோயைச் சேமிக்கலாகாது.

கடைசியாக, நாம் யாரும் திறக்காமலே ஓடும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் கசிவு. குழாய் சொட்டினால் இன்றிரவு அதன்கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் பாத்திரம் சொல்லும் பாடத்தை நாம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் குழாயினுள் தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றினாலே சொட்டுவது நின்றுவிடும். கழிவறைத் தொட்டியின் கசிவு இன்னும் பொல்லாதது. அது ஓசையின்றி நடக்கும். தொட்டியின் மூடியைத் திறந்து, கேசரிக்குப் போடும் வண்ணத்தைச் சிறிது கலந்துவிடுங்கள். அரை மணி நேரம் யாரும் விசையை அழுத்த வேண்டாம். கீழே கிண்ணத்தில் வண்ணம் தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

வீடு முழுவதையும் சோதிக்க வேண்டுமா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர்மானியில் உள்ள எண்களைக் கடைசி இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடுகளில் மானி பெரும்பாலும் வாசலுக்கு வெளியே குழாய்கள் செல்லும் அடைப்பினுள் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால், எங்கோ நீர் கசிகிறது. உடனே பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

இந்த மானியைப் பார்க்கும் வேலையை வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம் என்பது நம் யோசனை. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணைக் குறித்து, சென்ற வாரத்து எண்ணைக் கழித்து, வீட்டிலுள்ள பேரால் வகுத்து, ஏழு நாளால் வகுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கட்டும். கழித்தலும் வகுத்தலும் பழகியதாயிற்று. வீட்டுக்கு ஒரு கணக்கப்பிள்ளை கிடைத்ததும் ஆயிற்று. தாத்தா கூடுதலாகக் குளித்த வாரமும், அண்ணன் ஷவரில் பாட்டுப் பாடிய வாரமும் அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும்!

சிக்கனம் என்பது கஞ்சத்தனம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடிக்கும் நீரில் குறை வைக்காதீர்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் குறை வைக்காதீர்கள். குழந்தைக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் வேண்டிய நீர் வேண்டியபடி கிடைக்க வேண்டும். யாருக்கும் பயன்படாமல் ஓடிப்போகும் நீரைத்தான் நாம் நிறுத்தச் சொல்கிறோம்.

2061 என்பது தொலைவில் இருப்பதுபோல் தோன்றலாம். இன்று தொடக்கப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அப்போது வீட்டுத் தலைவர்களாக இருப்பார்கள். அன்று தண்ணீர் எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும் என்பதை நாடு திட்டமிட்டுக் கொண்டிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்பதை மட்டும், இன்று அவர்கள் நம் வீட்டில் கற்றுக்கொள்ளும் பழக்கம் முடிவு செய்யும்.

எனவே நேயர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். கட்டணச் சீட்டை எடுத்து உங்கள் வீட்டின் கணக்கைப் போடுங்கள். ஷவரைப் பத்து விநாடி அளந்து பாருங்கள். கழிவறைத் தொட்டியில் வண்ணம் கலந்து சோதியுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்த ஒன்றேகால் நிமிடத்தை நினைவில் வைத்தால் போதும்.